அப்பத்தாவுக்குப் பிடித்தது

சண்டை கருவாட்டில்தான் ஆரம்பித்தது.

ஒச்சாயி அப்பத்தா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. செக்கானூரணியில் அவர் வாழ்ந்த ஓட்டு வீட்டில் அன்று மதியம் படையல். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் வைத்துக் கும்பிட வேண்டும். அதற்காகத்தான் பாண்டிமீனா முந்தின நாளே அம்மா அப்பாவோடு மதுரை வில்லாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அத்தை, சித்தப்பா, அவர்களுடைய பிள்ளைகள், பங்காளி வீட்டுப் பிள்ளைகள் என்று வீட்டில் கால் வைக்க இடமில்லை.

சித்தப்பா அசோக்குமார் ஒரு மஞ்சள் பையோடு அடுப்படிக்குள் வந்தார். பைக்கு முன்னால் அதன் வாசனை வந்துவிட்டது.

"நெத்திலிக் கருவாடு. அம்மாவுக்குக் கருவாட்டுக் குழம்புன்னா உசுரு" என்றார்.

அத்தை கனகலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தார். அவர்தான் மூத்தவர். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் சண்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

"யாருடா சொன்னது? அம்மாவுக்குச் சீயம்தான் பிடிக்கும். தீபாவளிக்குத் தீபாவளி பூரணம் உருட்டிச் சுட்டு அடுக்கி வைக்கும். மறந்துட்டியா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று அப்பா முத்துக்குமரன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "நாட்டுக்கோழிக் குழம்பு. அதுக்கு மேல அம்மாவுக்கு எதுவும் கிடையாது. நான் ஊருக்கு வந்து இறங்குனதும் கோழியைத்தான் விரட்டும்."

பாண்டிமீனாவுக்கும் ஒரு கட்சி இருந்தது. "எல்லாரும் தேன்மிட்டாயை விட்டுட்டீங்க. நான் லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பத்தா ஒரு பொட்டலம் வாங்கி வச்சிருப்பாங்க."

மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மிட்டாயை யாரு திம்பா?"

"நான்தான்."

சொன்ன பிறகுதான் பாண்டிமீனாவுக்கு என்னமோ உறைத்தது. அத்தை பக்கம் திரும்பினாள்.

"அத்தை, சீயம் சுட்டா யாரு நிறைய சாப்பிடுவாங்க?"

"நான்தான். எனக்குன்னு தனியா ஒரு டப்பாவில எடுத்து வச்சிருமே."

"அப்பா, கோழிக் குழம்பு?"

"ஈரலு, தொடைக்கறி அம்புட்டும் எனக்குத்தான்" என்றார் அப்பா பெருமையாக.

சித்தப்பாவிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் மஞ்சள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அப்பத்தாவுக்கு என்ன பிடிக்கும்?"

எண்ணெயில் கடுகு மட்டும் பொரிந்தது.

"அத்தை எப்பவும் கடைசியாத்தான் உக்காருவாக" என்றாள் அம்மா, தன் மாமியாரை நினைத்து. "சட்டியில ஒட்டுனதை வழிச்சுப் போட்டு, ரசத்தை ஊத்தி ரெண்டு வாய் சாப்பிட்டு எந்திரிச்சிருவாக. என்ன பிடிக்கும்னு நானும் கேட்டதில்ல."

கனகலட்சுமி அத்தைக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. மனசு கஷ்டப்பட்டால் அவருக்குக் கோபம்தான் வரும். "இப்பப் போயி விசாரணை வைக்காதீங்க. எல்லாத்தையும் வைப்போம். அம்மா எதையாச்சும் எடுத்துக்கிரட்டும். பாண்டிமீனா, நீ போயி ராமக்கா வீட்டுல நாலு தலைவாழை இலை வாங்கிட்டு வா."

பாண்டிமீனா தெருவில் இறங்கி நடந்தாள். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அப்பத்தாவின் இலையில் அத்தைக்குப் பிடித்தது இருக்கும், அப்பாவுக்குப் பிடித்தது இருக்கும், பேத்திக்குப் பிடித்த தேன்மிட்டாயும் இருக்கும். அப்பத்தாவுக்குப் பிடித்தது மட்டும் இருக்காது. வருடத்துக்கு ஒரு நாள்தான் அப்பத்தாவுக்கென்று இலை போடுகிறார்கள். அன்றைக்கும் இப்படியா?

ராமக்காள் அடுத்த தெருவில் இருந்தார். அப்பத்தாவும் அவரும் சிறு வயதிலிருந்தே சிநேகிதிகள். களையெடுக்கப் போனாலும் சேர்ந்துதான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் சேர்ந்துதான். பாண்டிமீனா அவரை அம்மாச்சி என்று கூப்பிடுவாள். அன்று சந்தை நாள். ராமக்காள் முட்டைக் கூடையில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"வாடி ஒச்சாயி பேத்தி. இலைக்குத்தான வந்த? அறுத்து வச்சிருக்கேன். நானும் முட்டையைக் குடுத்துட்டு மதியத்துக்குள்ள வந்துருவேன்னு உங்க அத்தைகிட்டச் சொல்லு."

"அம்மாச்சி, எங்க அப்பத்தாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

ராமக்காள் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். "எனக்கென்ன தெரியும்?"

"தெரியும்னு உங்க முகத்துல இருக்கே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ராமக்காள் நாக்கைக் கடித்துக்கொண்டார். தெரியாதவர் எதற்குச் சத்தியம் பண்ணப் போகிறார்?

பாண்டிமீனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு இலையில எங்களுக்குப் பிடிச்சதைத்தான் வைக்கப் போறோம், அம்மாச்சி. அப்பத்தாவுக்குப் பிடிச்சது ஒண்ணுகூட இல்ல. செத்த பொறவும் அவங்க ரசஞ்சோறுதான் சாப்பிடணுமா?"

ராமக்காள் முட்டைகளைக் கூடையில் அடுக்கி முடித்தார். பிறகு சும்மாடு சுற்றித் தலையில் வைத்தார்.

"நான் எதையும் சொல்ல மாட்டேன். சத்தியம்னா சத்தியம்தான். ஆனா சந்தைக்குத் தனியாத்தான் போறேன். துணைக்கு ஒருத்தி வந்தா வேணாம்னு சொல்லப் போறதில்ல."

பாண்டிமீனா இலைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். "அம்மா, அம்மாச்சியோட சந்தைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, படையலுக்குள் வந்துவிட வேண்டும் என்று அம்மா சொன்னதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.

சந்தையில் அன்று நல்ல கூட்டம். கத்தரிக்காய் குவியலைத் தாண்டி, மண்பானைகளைத் தாண்டி, ஒரு புங்க மரத்தடியில் ராமக்காள் கூடையை இறக்கினார். முட்டைகள் வேகமாக விற்றன. பாண்டிமீனாவுக்குப் பொறுமை இல்லை.

"பருத்திப்பாலா, அம்மாச்சி?"

"வாயை மூடிக்கிட்டு உக்காரு."

"அந்தக் கடையில சுடுறாங்களே, பருப்பு வடை. அதுவா?"

"உங்க அப்பத்தா சுடுற வடைக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு வடையா? பேசாம இரு."

கூடை காலியானதும் ராமக்காள் எழுந்தார். வீட்டுப் பக்கம் போகாமல் சந்தையின் மறுகோடிக்கு நடந்தார். அங்கே ஒரு பழைய மொபெட் நின்றது. அதன் பின்னால் நீலப்பெட்டி. வண்டிக்காரர் ரப்பர் பந்தை அமுக்கி "பாம், பாம்" என்று ஊதிக்கொண்டிருந்தார்.

பாண்டிமீனா நின்றுவிட்டாள். "ஐஸ் வண்டி."

ராமக்காள் வானத்தைப் பார்த்தார்.

"எங்க அப்பத்தாவா? ஐஸா?"

அவளால் நம்ப முடியவில்லை. ஐஸ் தின்றால் தொண்டை கட்டும், பல் கொட்டும், காய்ச்சல் வரும் என்று சொன்னவர் அப்பத்தா. தெருவுக்குள் ஐஸ் வண்டி வந்தால் விளக்குமாற்றோடு வாசலுக்கு வருவார். வண்டிக்காரர்கள் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவார்கள்.

"வாங்கக்கா" என்றார் ஐஸ்காரர் மொக்கைச்சாமி. "ஒரு வருசமா இந்தப் பக்கமே வரலையே."

"அவ இல்லாம இங்க வந்து நிக்க மனசு வரலப்பா. இது ஒச்சாயி பேத்தி."

மொக்கைச்சாமி பாண்டிமீனாவை உற்றுப் பார்த்துச் சிரித்தார். "அந்த மூக்கு அப்படியே இருக்கு. உங்க அப்பத்தா சந்தை தவறினாலும் தவறும், சேமியா ஐஸ் தவறாது. பால் ஐஸ், மாங்கா ஐஸ் எது குடுத்தாலும் தொடாது. சேமியா ஐஸை வாங்கிக்கிட்டு அந்தா, அந்த மரத்துக்குப் பின்னாடி போயி நின்னுக்கிரும்."

"அவனே சொல்லிட்டான். இனிமே நான் சொன்னா தப்பில்ல" என்றார் ராமக்காள் நிம்மதியாக. அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை.

"உங்க தாத்தா போனப்ப உங்க அத்தைக்கு எட்டு வயசு. உங்க அப்பன் அதுக்குக் கீழ. சித்தப்பன் இடுப்புல. ஒச்சாயி களையெடுத்தா, கருது அறுத்தா, ஆடு மேய்ச்சா, கோழி வளத்தா. ஒருத்தர்கிட்டயும் போயி நிக்கல. சந்தைக்கு வந்தா மூணும் அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டே வரும். ஐஸைப் பாத்தா அழுகும். ஒண்ணு வாங்குவா. அதை மூணும் மாத்தி மாத்திச் சப்பும். இன்னொண்ணு கேட்டு அழுதா வாங்க வழியில்ல. அதான் தொண்டை கட்டும், பல்லு விழும்னு சொல்லிப் பழகிட்டா. சொன்னதைப் பொறவு மாத்த முடியுமா?"

"அப்பத்தாவுக்கு ஐஸ் கிடைக்காதா?"

"குச்சி கிடைக்கும்" என்றார் ராமக்காள். "மூணும் தின்னு முடிச்ச பொறவு குச்சியை வாங்கி வாயில வச்சுக்கிருவா. மூணு பேரையும் ஆளாக்கி, கல்யாணம் முடிச்சு அனுப்பிட்டு, ஒரு நா இங்க நின்னுக்கிட்டுச் சொன்னா. 'ராமக்கா, ஒரு ஐஸை முழுசா, ஒருத்தருக்கும் பங்கு குடுக்காம, நான் மட்டும் திங்கணும்டி'ன்னா. அன்னையிலருந்து சந்தைக்குச் சந்தை ஒண்ணு. பிள்ளைக பாத்தா சிரிக்கும்னு அவளுக்கு ஒரே வெக்கம். அதுக்குத்தான் மரமும் சத்தியமும்."

பாண்டிமீனாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விளக்குமாறு தூக்குகிற அப்பத்தா மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஐஸ் சாப்பிடுவதை அவள் நினைத்துப் பார்த்தாள். அந்த அப்பத்தாவை அவளுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது.

"ஒரு சேமியா ஐஸ் குடுங்க" என்றாள். ராமக்காள் சுருக்குப் பையைத் திறந்தார்.

ஐஸை வாங்கிய பாண்டிமீனா வீட்டைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினாள். வெயில் அவளைவிட வேகமாக வேலை செய்தது. மண்பானைக் கடையைத் தாண்டும்போது ஐஸ் முழங்கை வரை வழிந்தது. மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் சேமியா ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு ஆட்டுக்குட்டி அதை நக்கிக்கொண்டே பின்னால் வந்தது. கோவில் முனையில் மிச்சம் இருந்ததும் பொத்தென்று விழுந்தது. ஆட்டுக்குட்டி அதையும் விடவில்லை.

பாண்டிமீனாவின் கையில் வெறும் குச்சி இருந்தது.

அவள் அந்தக் குச்சியைப் பார்த்தாள். இதைக் கொண்டுபோய் இலையில் வைக்கவா? இன்றைக்கும் அப்பத்தாவுக்குக் குச்சிதானா? கூடாது. ஐஸ் வீட்டுக்கு வராது என்றால், வண்டி வர வேண்டியதுதான்.

திரும்பி ஓடினாள். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள்.

மொக்கைச்சாமி தலையைச் சொறிந்தார். "சந்தை நாளுல வண்டியை எடுத்தா யாவாரம் போயிரும் தாயி. உச்சி வெயில்ல இருந்துதான் எனக்கு ஓட்டமே. சாயங்காலம் வேணா வாரேன்."

"படையல் மதியம்தான் மாமா."

அவர் வருத்தமாகத்தான் பார்த்தார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பாண்டிமீனா நீலப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் கிடந்த கூட்டத்தை நினைத்தாள்.

"மாமா, எங்க வீட்டுல இன்னிக்கு எம்புட்டுப் பிள்ளைக வந்திருக்காங்க தெரியுமா? அத்தை பிள்ளைக, சித்தப்பா பிள்ளைக, பங்காளி வீட்டுப் பிள்ளைக. பெரியவங்க வேற. நீங்க வாசல்ல வந்து ஒரு தடவை ஊதுனா போதும். இங்க சாயங்காலம் வரைக்கும் நின்னு விக்கிறதை அங்கயே வித்துரலாம்."

மொக்கைச்சாமி ராமக்காளைப் பார்த்தார். "ஒச்சாயி அக்கா முட்டை விக்கிற மாதிரியே பேசுதே இந்தப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்துக் கிளப்பினார். ராமக்காளைப் பின்னால் ஏற்ற இடமில்லை. "நீங்க போங்க. நான் நடந்தே வாரேன்" என்றார் அவர். பாண்டிமீனா வண்டியில் ஏறி முன்னால் நின்றுகொண்டாள்.

வீட்டில் இலை போட்டாகிவிட்டது. அப்பத்தாவின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, கோழிக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, சீயம், தேன்மிட்டாய் எல்லாம் பரிமாறியிருந்தார்கள். அத்தை சூடத்தைத் தட்டில் வைக்கும்போது வாசலில் "பாம், பாம்" என்று சத்தம் கேட்டது. பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடின.

"படையல் நேரத்துல எவன்டா அவன்?" என்று அத்தை வெளியே வந்தார். வண்டியிலிருந்து மகாராணி மாதிரி இறங்கினாள் பாண்டிமீனா.

"அத்தை, அப்பத்தாவுக்குப் பிடிச்சதைக் கண்டுபிடிச்சுட்டேன். சேமியா ஐஸ். இலையில வைக்கணும்."

"படையல்ல ஐஸா? ஊரே சிரிக்கும். எங்கம்மா ஐஸைக் கண்டாலே எரிஞ்சு விழும். ஐஸ் தின்னதுக்கு எம்முதுகுல வச்ச அடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு."

"அதெல்லாம் சும்மா அத்தை. இன்னொண்ணு வாங்கித் தர வழியில்லாம சொன்னது." பாண்டிமீனா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். மரத்தைச் சொன்னாள், சத்தியத்தைச் சொன்னாள், ஒரு முழு ஐஸைச் சொன்னாள். மொக்கைச்சாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அத்தை நம்பாமல் தம்பிகள் பக்கம் திரும்பினார். சித்தப்பா அசோக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குச்சி" என்றார் அப்பா. "அக்கா, நாம தின்னு முடிச்சதும் அம்மா குச்சியைக் கேக்குமே. 'எனக்குக் குச்சிதாண்டா பிடிக்கும்'னு சொல்லுமே." அவர் தூணை விட்டுவிட்டு அக்கா பக்கம் வந்தார். "நான் நெசமாவே நம்பிட்டேன்க்கா. இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கிட்டிருந்தேன்."

கனகலட்சுமி அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை அவருக்குக் கோபம் வரவில்லை. மொக்கைச்சாமியிடம் போய்க் கையை நீட்டினார்.

"ஒண்ணு குடுங்கண்ணே. உடையாததா, நல்ல பெருசாப் பாத்துக் குடுங்க."

ராமக்காள் வந்து சேர்ந்தபோது இலையின் நடுவில், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சேமியா ஐஸ் படுத்திருந்தது. "அட கூறுகெட்டவகளா, ஊரறிய வச்சுட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டே அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். சூடம் காட்டிக் கும்பிட்டார்கள்.

காக்காவுக்கு வைத்த சோற்றில் காக்கா முதலில் கோழிக்கறியைத்தான் தூக்கியது. "பாத்தியா, கோழிக் குழம்பு" என்றார் அப்பா. "அது காக்காவுக்குப் பிடிச்சதுங்க" என்றாள் அம்மா.

அப்புறம் வாசலில் ஐஸ் வியாபாரம் நடந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. சித்தப்பா ஒன்று, அப்பா ஒன்று. அம்மா வேண்டாம் என்றபோது பாண்டிமீனா விடவில்லை. "உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா? நெசத்தைச் சொல்லுங்க" என்று மறித்துக்கொண்டு நின்றாள். "மாங்கா ஐஸ்" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். பாண்டிமீனாவுக்கு அன்றுதான் அது தெரிந்தது.

படைத்த இலையில் இருப்பதை எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பது வழக்கம். அத்தை கோழிக் குழம்பைப் பிரித்தார். சீயத்தைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தேன்மிட்டாய் பிள்ளைகள் கைக்குப் போனது. கடைசியில் ஐஸ் மட்டும் இருந்தது. அது பாதி உருகி, பால் இலையின் நரம்புகளில் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை கையை நீட்டினார், பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்பத்தாவின் மூன்று பிள்ளைகளும் இலையைச் சுற்றி உட்கார்ந்து, அது முழுவதும் கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐஸில் யாரும் பங்கு கேட்கவில்லை.